பேரீந்தும் கல்முனைக் கரையும்

நோன்பு மாதம் பிறந்ததும் கல்முனைக்குடியில் செல்வர் வீடு, வறியவர் வீடு என்ற வேறுபாடின்றி எல்லா இல்லங்களிலும் இடம்பெறுவது பேரீச்சம்பழம். மாலையில் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும்போது, பகலெல்லாம் உண்ணாதும் பருகாதும் இருந்தவர் முதலில் வாயிலிடுவது இக்கனியே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈரப்பதமான கனி கொண்டும், அது கிடையாதபோது உலர்ந்த கனி கொண்டும், அதுவும் இல்லாதபோது நீர் கொண்டும் நோன்பு திறந்தார்கள் என்பது அவ்வழக்கத்துக்கு அடிப்படை. அவ்வாறு உண்ணப்படும் கனியோ பெரும்பாலும் கடல் கடந்து வருவது. சவூதி அரேபியா, ஈரான், ஈராக், ஐக்கிய அரபு இராச்சியம், துனீசியா முதலிய நாடுகளின் தோட்டங்களில் விளைந்து, பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்குவது.

உண்டபின் எறியப்படும் கொட்டைகளிற் சில வளவுகளில் முளைத்துவிடுகின்றன. ஆவலோடு நட்டு வளர்ப்பாரும் உளர். நட்டவை வளர்கின்றன, ஆயின் வளர்ந்தவை யாவும் காய்ப்பதில்லை. ஆண்டுகள் பல காத்திருந்து ஏமாந்தவர், "இது அரபு நாட்டு மரம், நம் மண் இதற்கு ஆகாது" என முடிவு கட்டுவது இயல்பு. அம்முடிவு எவ்வளவு சரியானது? இம்மரம் வேண்டுவன யாவை? கிழக்கிலங்கையின் மணற்பாங்கான கரை அவற்றுள் எவற்றைத் தானே தருகிறது? எவற்றை மனிதன் தரவேண்டும்? இவ்வினாக்களுக்குத் தாவரவியலும் வேளாண் அனுபவமும் தரும் விடைகள் அறியத்தக்கவை.

முதலிற் பெயரை நோக்குதல் தகும். பழந்தமிழ் நூல்கள் இவ்வினத்தை ஈந்து என வழங்கும். எயினர் குடிசைகள் ஈந்தின் ஓலையால் வேயப்பட்டிருந்தமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. ஈந்து என்னும் சொல் பிற சொல்லோடு புணருங்கால் ஈத்து எனத் திரியும். இன்று ஏட்டு வழக்கில் பேரீச்சம்பழம் என்பது பெருகியிருந்தாலும், இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் 'ஈத்தம்பழம்' என்பதே உயிரோடிருக்கிறது. சங்கப் புலவர் அறிந்த சொல்லுருவம் கல்முனைக்குடியின் நோன்புக்காலப் பேச்சில் இன்றும் ஒலிப்பது மொழி ஆராய்வார்க்கு மகிழ்ச்சி தருவதாகும். தெலுங்கில் ஈத என்றும், கன்னடத்தில் ஈசலு என்றும் இவ்வினம் பெயர் பெறும். சிங்களத்தில் உள்ளூர் ஈந்து 'இந்தி' எனவும், அரபு நாட்டுப் பழம் 'ரட்ட இந்தி', அதாவது பிறநாட்டு ஈந்து, எனவும் வழங்கும்.

பெயர் மட்டுமன்று, இனமும் இத்தீவுக்குப் புதியதன்று. தாவரவியலார் பீனிக்ஸ் என்னும் பேரினத்துள் 14 அளவான சிற்றினங்களை அடக்குவர். அவற்றுள் பீனிக்ஸ் டக்டிலிபெரா என 1753ஆம் ஆண்டில் லின்னேயசு பெயரிட்டதே பேரீந்து. அதன் நெருங்கிய உறவினம் இலங்கையில் இயற்கையாக வளர்கின்றது.   அது பீனிக்ஸ் புசில்லா எனப்படும் சிற்றீந்து. இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலர்ந்த நிலங்களிலும் மணற்பாங்கான இடங்களிலும் புதர்போல் வளர்வது. இதன் சிறு கரும் பழங்களைச் சிறுவர் பறித்துண்பர். சதை மெல்லியது, கொட்டை பெரிது. எனினும் சுவையில் பேரீந்தின் சாயல் உண்டு. ஆகவே, பேரீந்து இக்கரையில் விருந்தினனாகலாம்; ஆனால் உறவற்ற விருந்தினன் அன்று.

பேரீந்தின் உடலமைப்பை அறிந்தாலன்றி அதன் தேவைகள் விளங்கா. தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கும். அவ்விலக்கணப்படி பனை, தெங்கு, கமுகு போலப் பேரீந்தும் புல்லினத்ததே. இன்றைய தாவரவியலார் அதனை ஒருவித்திலைத் தாவரம் எனக் கூறி, ஏறத்தாழ அதே இடத்தில் வைக்கின்றனர். இப்பாகுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. மா, பலா முதலியவற்றின் தண்டில் பட்டைக்கும் வைரத்துக்கும் இடையே வளரும் படை ஒன்றுண்டு; அதனால் அவை பருக்கும், காயம் ஆறும், ஒட்டுக்கும் இணங்கும். பேரீந்தின் தண்டில் அப்படை இல்லை. பட்ட காயம் ஆறாது; ஒட்டுக் கட்டுதல் இயலாது. உச்சியிலுள்ள ஒரே குருத்தே அதன் உயிர். அது கெட்டால் அத்தண்டு மடியும். 20 மீற்றருக்கு மேலும் உயரக்கூடிய இம்மரத்தில் நன்கு வளர்ந்த நிலையில் நூறளவான பச்சை ஓலைகள் இருக்கும். ஒவ்வோர் ஓலையும் 3 முதல் 5 மீற்றர் வரை நீண்டு, அடிப்பகுதியில் கூரிய முட்களைத் தாங்கி நிற்கும்.

இம்மரத்தின் பழமை வியக்கத்தக்கது. அபுதாபியைச் சார்ந்த டல்மா தீவில் 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பேரீச்சங்கொட்டைகள் கிடைத்துள்ளன. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தொகுதி, தோட்டத்தைப் பேணுபவனுக்கும் உடையவனுக்கும் விளைச்சலை எவ்வாறு பங்கிடுவது என விதிக்கின்றது: உடையவனுக்கு மூன்றில் இரண்டு, உழைப்பவனுக்கு மூன்றில் ஒன்று. பாலையில் வாழ்ந்தோர்க்கு இது சோறும் கூரையும் கயிறும் விறகுமாய் நின்றது. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் தூண்கள் பேரீந்தின் அடிமரங்களே; கூரை அதன் மட்டைகளே.

தன் பாதம் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்க விரும்புவது பேரீந்து என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. ஓர் ஆராய்ச்சி நூல் பல பக்கங்களில் கூறுவதை இது ஒரே தொடரில் அடக்கிவிடுகிறது. பாலைவனத்து மரம் ஆதலின் நீர் வேண்டாதது எனக் கருதுவது தவறு. பாலையில் அது எங்கும் வளர்வதில்லை. நிலத்தடி நீர் வேருக்கு எட்டும் பசுஞ்சோலைகளிலும், ஆற்றங்கரைகளிலும், வாய்க்கால் பாயும் இடங்களிலுமே வளர்கிறது. கோடையில் காய் தாங்கி நிற்கும் மரம் நாளொன்றுக்கு 100 லீற்றருக்கும் மேற்பட்ட நீரை வேண்டும். வெப்பத்தைப் பொறுத்தவரை, 50 பாகை செல்சியசையும் அது தாங்கும். பூப்பதற்கு நிழலில் 18 பாகையளவு வெப்பமும், காய் பிடிப்பதற்கு 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் தேவை. ஆனால் அப்பழமொழியில் நேரே சொல்லப்படாத மூன்றாவது தேவை ஒன்றுண்டு: காய் முதிர்ந்து பழுக்கும் வாரங்களில் மழை பெய்யலாகாது. அப்போது பெய்யும் மழையாலும் காற்றின் ஈரத்தாலும் தோல் வெடிக்கும், சதை புளிக்கும், பூஞ்சணம் பிடித்துக் குலை அழுகும்.

இனி இத்தேவைகளைக் கல்முனைக் கரையின் ஆண்டுச் சுழற்சியோடு ஒப்பிட வேண்டும். இப்பகுதி உலர்வலயத்தைச் சார்ந்தது. ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றர் அளவினதாயினும், அதன் பெரும்பங்கு வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்கிறது. சித்திரைக்குப் பின் நிலை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தை இழந்து, கிழக்குச் சமவெளியில் இறங்கும்போது உலர்ந்து வெம்மையுற்று வீசும். கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என அஞ்சும் காற்று இதுவே. பயிரை வாட்டி, கிணற்றை வற்றச் செய்யும் அக்காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களே வட அரைக்கோளத்தில் பேரீச்சங்காய் முதிரும் காலம். மாசி, பங்குனியளவில் பூத்து, கோடை முழுவதும் வெயிலில் காய்த்து, மாரி தொடங்குமுன் பழுப்பது இம்மரத்தின் இயல்பு. எனவே நெல்லுக்கும் காய்கறிக்கும் பகையான கச்சான், பேரீந்துக்கு நட்பாக அமைகிறது.

இப்பொருத்தம் முழுமையானதன்று என்பதையும் மறைத்தலாகாது. பசுராவிலும் மதீனாவிலும் கோடைப் பகல் 45 பாகையைக் கடக்கும். கல்முனையில் அது 33, 34 பாகையளவில் நிற்கும். பாலைக் காற்று எலும்பென உலர்ந்தது. கடற்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. இவ்வேறுபாட்டின் விளைவை அறியக் காயின் வளர்ச்சிப் படிகளை அறிதல் வேண்டும். அரபு மக்கள் அவற்றை ஐந்தாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளனர். ஹபாபூக் என்பது பூம்பிஞ்சு. கிம்ரி என்பது பசுங்காய். கலால் என்பது மஞ்சளோ சிவப்போ ஏறிய, கடித்தால் மொறுமொறுக்கும் செங்காய். ருதப் என்பது நெகிழ்ந்த கனி. தமர் என்பது நீர் வற்றித் தானே பதப்பட்ட உலர்கனி. பூத்ததிலிருந்து உலர்கனியாகும் வரை 200 நாட்களளவு செல்லும். மாசி நடுவில் கருவுற்ற பூ, செங்காயாகும்போது ஆனி, ஆடி ஆகிவிடும். உலர்கனியாவதற்கு ஆவணி கடந்து புரட்டாசியும் ஆகலாம். அதற்குள் இடைப்பருவ மழை தொடங்கிவிடும். ஆகவே இக்கரையில் உலர்கனியை எதிர்பார்ப்பதைவிடச் செங்காயையோ நெகிழ்கனியையோ பறித்து உண்பதே அறிவுடைமை.

இது வெறும் ஊகமன்று. இந்திய நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் 19,000 எக்டேயரளவில் பேரீந்து பயிராகிறது. அங்கும் ஆனி இறுதியில் தென்மேற்குப் பருவமழை வந்து குலைகளைத் தாக்கும். அதனால் அம்மக்கள் தம் காய்களைச் செங்காய்ப் பருவத்திலேயே வெட்டி, 'காரக்' என்னும் பெயரில் புதுப்பழமாக விற்கின்றனர். கட்ச் காரக்கிற்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் தருமபுரிப் பகுதியிலும் இவ்வகையில் பேரீந்து பயிரிடப்படுகிறது. இதற்கு ஏற்ற வகைகளுள் தலைசிறந்தது ஈராக்கின் பசுராவைத் தாயகமாகக் கொண்ட பர்ஹி. பிற வகைகளின் செங்காய் துவர்க்கும். பர்ஹியின் செங்காயோ துவர்ப்பு நீங்கித் தேன்போல் இனிக்கும்.

ஈழத்தில் சான்று தேடுவார் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை காத்தான்குடியை ஊடறுத்துச் செல்கிறது. அவ்வூர்ப் பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீந்துகள் குலை தள்ளிக் காய்ப்பதை வழிச்செல்வோர் எவரும் காணலாம். அதே கடல், அதே மணல், அதே கச்சான். காத்தான்குடியில் காய்க்கும் மரம் கல்முனைக்குடியில் காயாதிருக்க மண் காரணமாகாது.

மண்ணைப் பற்றி மேலும் கூறவேண்டியதுண்டு. மணலிலும் களியிலும் வளரும் இம்மரம், உப்பைத் தாங்குவதில் பயிர்களுள் முன்னணியில் நிற்பது. வேர் நிற்கும் மண்ணின் உப்புத்தன்மையை மின்கடத்துதிறனால் அளப்பர். மீற்றருக்கு 4 டெசிசீமன் வரை பேரீந்தின் விளைச்சல் குறைவதில்லை. 18 டெசிசீமனை நெருங்கும்போதே அது பாதியாகும். நெல்லின் விளைச்சலோ 7 டெசிசீமன் அளவிலேயே பாதியாகிவிடும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரைப்பகுதியை அழித்தபோது, உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றதோடு கிணறுகளில் உப்பையும் விட்டுச்சென்றது. மாரி மழை அவ்வுப்பைப் படிப்படியாகக் கழுவியது. அத்தகைய கரையில் உப்புக்கு அஞ்சாத மரம் ஒன்றின் மதிப்பு பெரிது.

ஆயினும் நீரில் எச்சரிக்கை வேண்டும். இக்கரையோர மணலில் ஊறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கிணறுகள் வாழ்வது அவ்வில்லையால். அதனை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். வளவுக்கு ஒன்றிரண்டு மரங்கள் தம் வேரால் நிலத்தடி நீரைத் தாமே எட்டிப் பருகுவது வேறு. பெருந்தோட்டம் இட்டு இயந்திரத்தால் இறைத்துப் பாய்ச்சுவது வேறு. முன்னையதை இக்கரை தாங்கும். பின்னையதைத் தாங்குமா என்பதைக் குடிநீரையும் கணக்கிற்கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

மண்ணும் வெயிலும் நீரும் பொருந்தியும் பல மரங்கள் காயாமைக்குக் காரணம் யாது? விடை மரத்தின் பாலில் உள்ளது. பனையைப் போலப் பேரீந்தும் ஆண், பெண் எனத் தனித்தனி மரங்களாக நிற்பது. கொட்டையிலிருந்து முளைப்பவற்றுள் ஏறத்தாழப் பாதி ஆண், அவை காய்ப்பதேயில்லை. எஞ்சிய பெண் மரங்களும் தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொள்வதில்லை. உண்ட கனி எத்துணை இனிதாயினும் அதன் கொட்டையில் பிறக்கும் மரத்தின் கனி துவர்க்கலாம், சிறுக்கலாம். பூக்கும்வரை ஆணா பெண்ணா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. அதற்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். இஸ்ரவேலின் மசாடாக் கோட்டையிற் கிடைத்த 2,000 ஆண்டுப் பழமையான கொட்டை ஒன்று 2005இல் முளைத்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் அது பூத்தபோது ஆண் மரம் எனத் தெரிந்தது. பிற பழங்கொட்டைகளிலிருந்து பெண் மரம் ஒன்று வளர்ந்த பின்னரே, 2020இல் அம்மரபின் கனியைச் சுவைக்க முடிந்தது.

பெண் மரம் இருந்தாலும் போதாது. ஆண் மரத்தின் மகரந்தம் அதனை அடைதல் வேண்டும். காற்று அதனைக் கொண்டுசேர்ப்பதுண்டு. ஆனால் காற்றை நம்பினால், பெண் மரங்களுக்கு நிகராக ஆண் மரங்களையும் வளர்க்க வேண்டிவரும். ஆகவே தொன்றுதொட்டு மனிதன் தன் கையாலேயே இப்பணியைச் செய்துவருகிறான். கிறித்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசிரிய அரண்மனைச் சிற்பங்களில், சிறகுடைய தெய்வ உருவங்கள் மரத்தின் அருகே கூம்பு ஒன்றை ஏந்தி நிற்பது இச்செயலையே குறிக்கும் என அறிஞர் பலர் கருதுவர். கிரேக்க அறிஞர் தியோபிராசுதசு ஆண் பூவின் தூளைப் பெண் குலைமேல் உதிர்க்கும் முறையைத் தெளிவாக எழுதிவைத்தார்.

இசுலாமிய மரபிலும் இதுபற்றிய அரிய செய்தி ஒன்று ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனாவாசிகள் பேரீந்துக்கு மகரந்தம் சேர்ப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனால் பயனிருப்பதாகத் தாம் கருதவில்லை என்றார்கள். அது கேட்டு மக்கள் அச்செயலை விடுத்தனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. செய்தி அறிந்த நபியவர்கள், மார்க்கம் பற்றித் தாம் கூறுவதைப் பின்பற்றுமாறும், உலகத் தொழில் பற்றிய செய்திகளை அதனைச் செய்வோரே நன்கறிவர் என்றும் விளக்கினார்கள். உழவனின் அனுபவ அறிவுக்குத் தரப்பட்ட இம்மதிப்பு, பேரீந்து வளர்க்க முனைவோர் எவரும் நினைவில் இருத்தத்தக்கது.

செய்முறை கடினமானதன்று. ஆண் மரத்தின் பாளை வெடித்ததும், மாவுபோல் தூள் உதிரும் பூங்கதிர்கள் சிலவற்றை வெட்டி எடுப்பர். பெண் பாளை வெடித்த இரண்டு மூன்று நாட்களுக்குள், அதன் கதிர்களுக்கிடையே அவற்றைத் தலைகீழாகச் செருகி, தளர்வாகக் கட்டிவிடுவர். மகரந்தத்தைக் காயவைத்துச் சேமித்துப் பின்னர் தூவுவதும் உண்டு. செய்த சில மணி நேரத்துள் மழை பெய்தால் மீண்டும் செய்தல் வேண்டும். மாசியிலும் மழை எட்டிப்பார்க்கக்கூடிய கல்முனைக் கரையில் இது முக்கியம். ஓர் ஆண் மரம் 50 பெண் மரங்களுக்குப் போதும். எந்த ஆண் மரத்தின் மகரந்தம் என்பதைப் பொறுத்துக் கனியின் பருமனும் பழுக்கும் காலமுங்கூட மாறும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சுவிங்கிள் 1928இல் எடுத்துக்காட்டினார்.

ஆகவே கொட்டை நடுவது விளையாட்டு. கன்று நடுவதே வேளாண்மை. நல்ல பெண் மரத்தின் தூரில் இளமையில் தோன்றும் பக்கக்கன்றுகள் தாயின் குணம் மாறாதவை. மூன்று முதல் ஐந்து ஆண்டு முதிர்ந்து, தமக்கென வேர் விட்டவற்றைப் பிரித்து நடுவர். இம்முறையின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மொரோக்கோவின் புகழ்பெற்ற மெஜூல் வகை நோயால் அழியும் நிலையிலிருந்த 1927ஆம் ஆண்டில், அதே சுவிங்கிள் நோயற்ற மரமொன்றின் 11 பக்கக்கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் ஒன்பது பிழைத்தன. அந்நாட்டின் மெஜூல் தோட்டங்கள் அவ்வொன்பதின் வழித்தோன்றல்களால் உருவாயின. இன்று இழைய வளர்ப்பு முறையால் ஆய்வுகூடங்களில் ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரே குணத்தோடு உண்டாக்கப்படுகின்றன. விலை மிகுதியாயினும், பால் அறிந்து, வகை அறிந்து நடலாம் என்பதே அவற்றின் சிறப்பு.

நடுவோர் ஒரு மீற்றர் நீள அகல ஆழத்தில் குழி தோண்டி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புதல் நன்று. மரத்துக்கு மரம் எட்டு மீற்றர் இடைவெளி வேண்டும். குருத்து மண்ணுள் மூழ்காதவாறு நட்டு, முதலாண்டில் நாள்தோறும் நீர் விடவேண்டும். மாரியில் நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. பக்கக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பத்தாண்டளவில் முழுப்பயன் தரும். பேணப்பட்ட மரம் ஆண்டுக்கு 70 கிலோகிராம் வரையும் அதற்கு மேலும் தருவதுண்டு. ஏறுவதற்குமுன் மட்டையின் முட்களைக் களைதல், காய்கள் செறிந்த குலையிற் சில கதிர்களை நீக்குதல், காய் கனக்கும்போது காம்பு முறியாமல் மட்டையோடு கட்டுதல், முதிருங்காலத்தில் வௌவாலும் காகமும் கொத்தாதபடி வலையால் போர்த்தல் ஆகியன ஆண்டுதோறும் செய்யவேண்டியவை.

பகைகளுள் கொடியது சிவப்புக் கூன்வண்டு. தென்னை வளர்ப்போர் செவ்வண்டு என நன்கறிந்த இது, தண்டைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்ளே தின்று குருத்தை எட்டும்வரை வெளியே அடையாளம் தெரியாது. தெற்காசியத் தென்னந்தோப்புகளில் நெடுங்காலம் வாழ்ந்த இவ்வண்டு, 1980களின் நடுப்பகுதியில் வளைகுடா நாடுகளுக்குப் பரவி, அங்குள்ள பேரீந்துகளைப் பேரளவில் அழித்தது. அங்கிருந்து இங்கு கனி வந்தது. இப்பக்கத்திலிருந்து அங்கு வண்டு சென்றது என்பது வணிக வரலாற்றின் வருந்தத்தக்க முரண். கல்முனைக் கரையெங்கும் தென்னை நிறைந்திருப்பதால், இங்கு பேரீந்து நடுவோர் முதல் நாளிலிருந்தே இப்பகையை எதிர்நோக்கவேண்டும். தண்டில் காயம் உண்டாக்காமை, வெட்டிய இடங்களுக்கு உடனே மருந்து பூசுதல், பட்டுப்போன தென்னையையும் பேரீந்தையும் தோட்டத்தில் விட்டுவைக்காமை ஆகியன சிறந்த காப்பு.

பயன்களுள் முதன்மையானது கனி. உலர்ந்த கனி 100 கிராமில் 280 கலோரியளவு ஆற்றலும், மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையும், ஏழு கிராமளவு நார்ப்பொருளும், 650 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பொற்றாசியமும் உண்டு. பகல் முழுதும் வெறுவயிற்றோடிருந்தவர்க்கு விரைவில் ஆற்றல் தருவது இச்சர்க்கரை. எனினும், இக்கனி குருதியைப் பெருக்கும் இரும்பின் களஞ்சியம் என்னும் நம்பிக்கை மிகை. 100 கிராமில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராமளவே. வயதுவந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். இரத்தச்சோகை உடையவர் இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. நீரிழிவு உடையவர் அளவறிந்து உண்ணல் வேண்டும். கனியைப் பிழிந்து பாகும், புளிக்கவைத்துக் காடியும் செய்வர். கொட்டையை ஊறவைத்தோ அரைத்தோ ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீனியாக்குவர். வறுத்துப் பொடித்துக் கோப்பி போன்ற பானமும் ஆக்குவர். ஓலையால் பாயும் கூடையும் விசிறியும், நாரால் கயிறும், மட்டையால் வேலியும் கட்டிலும், அடிமரத்தால் உத்தரமும் ஆகும். யாழ்ப்பாணத்தார்க்குப் பனை எப்படியோ, கீழ்க்கரையார்க்குத் தென்னை எப்படியோ, அப்படியே பாலை மக்களுக்குப் பேரீந்து. இம்மரம் சார்ந்த அறிவும் திறனும் வழக்கங்களும் 2019ஆம் ஆண்டில் யுனெசுகோவின் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 14 அரபு நாடுகளின் பெயரால் சேர்க்கப்பட்டன.

அதே 2019ஆம் ஆண்டு இம்மரத்தை இலங்கையில் வேறுவகையாகப் பேசவைத்தது. உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடிய தாக்குதல்களின் பின், காத்தான்குடி வீதியின் பேரீந்துகள் அரபு மயமாதலின் அடையாளம் எனச் சுட்டிக்காட்டப்பட்டன. மரத்துக்கு மதமில்லை, அதனை நடுவோரின் நோக்கத்தையும் காண்போரின் ஐயத்தையும் அது அறியாது. மிளகாயும் மரவள்ளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இன்று அவற்றை அந்நியம் என்பார் இலர். மன்னாரின் பெருக்க மரங்கள் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. அவை அம்மண்ணின் பெருமையாகவே போற்றப்படுகின்றன. ஈந்தின் பெயர் சங்க நூலில் உண்டு. அதன் உறவினம் இத்தீவின் மணலில் தானே முளைக்கிறது. பேரீந்தை அந்நியம் என வெறுப்பதற்கும் ஆதாரமில்லை. புனிதம் எனக் கருதிப் பேணாது விடுவதற்கும் பொருளில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, கல்முனைக் கரை பேரீந்துக்கு வெயிலையும் மணலையும் ஆழமில்லாத நீரையும் கச்சானையும் தானே தருகிறது. பாலையின் முழு வெப்பத்தையும் உலர்காற்றையும் அதனால் தர இயலாது. அக்குறையை விரைந்து முதிரும் வகையாலும், செங்காய்ப் பருவத்தில் பறிப்பதாலும் ஈடுசெய்யலாம். இறக்குமதியை ஒழிக்கும் பெருந்தொழில் இக்கரையில் உண்டாகும் என்பது மிகை. ஆயின் வளவுகளிலும் பாடசாலை முற்றங்களிலும் பள்ளிவாசல் எல்லைகளிலும் பால் அறிந்து நட்ட கன்றுகள் கோடைதோறும் குலை தள்ளுதல் இயலாத காரியமன்று. ஊருக்கு ஓரிரு நல்ல ஆண் மரங்களைப் பேணி, மாசியில் அவற்றின் மகரந்தத்தைப் பகிர்ந்துகொண்டால் அனைவருக்கும் போதும். பாடசாலைகளின் விவசாயக் கழகங்கள் பூக்கும் நாளையும் பழுக்கும் நாளையும் மழையையும் ஆண்டுதோறும் குறித்துவைத்தால், எந்த வகை இக்கரைக்கு ஏற்றது என்பதைப் பத்தாண்டுகளில் இம்மண்ணே சொல்லிவிடும்.

காயாத மரத்தைக் கண்டு மண்ணைப் பழித்தல் எளிது. அம்மரத்துக்குத் தேவைப்பட்டது பிறிதொரு நாட்டு மண்ணன்று. உரிய பருவத்தில் அதனருகே ஏறிச்சென்று மகரந்தம் செருகும் ஒரு கையே.